மிளகாய்த் தூளும் ஓர் அமானிதமே



உணவைப் பற்றிப் பேசும்போது நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதற்கேள்வி, ‘இது ஹலாலா?’ என்பதே. கறி வாங்கும்போது அறுத்தவர் யார், முறைப்படி அறுத்தாரா என்று விசாரிக்கின்றோம். அது கடமை, மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அதே கறியில் இடும் மிளகாய்த் தூளையும் மஞ்சள் தூளையும் பற்றி நாம் எதுவும் கேட்பதில்லை. திருக்குர்ஆனின் 2:168 வசனம் ‘ஹலால்’ என்பதோடு ‘தய்யிப்’ என்பதையும் இணைத்தே கூறுகின்றது. தய்யிப் என்றால் தூயது, நல்லது. அவ்வசனம் முஃமின்களை மட்டுமன்றி மனிதர்கள் அனைவரையும் விளித்துப் பேசுவது சிந்திக்கத்தக்கது.

தூளாக்கிய பொருளில் கலப்படம் செய்வது எளிது. இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருட்களில் ‘சூடான் 1’ என்னும் சாயம் இருப்பது 2003ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. மெழுகுக்கும் காலணிப் பாலிஷுக்கும் நிறமேற்றப் பயன்படும் சாயம் அது. 2005ஆம் ஆண்டு பிரிட்டனில், அச்சாயம் கலந்த மிளகாய்த் தூள் ஒரு சாஸில் சேர்ந்து, அந்த சாஸ் வேறு உணவுகளில் சேர்ந்து, 400க்கும் மேற்பட்ட பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயம் கலந்த நிறமி பூசப்பட்டது. 2019இல் ஆய்வாளர்கள் அதை வெளிப்படுத்திய பின்னரே அரசு கடும் நடவடிக்கை எடுத்தது.

ஒரு குவளை நீரில் தூளைத் தூவினால் கலப்படம் தெரிந்துவிடும் என்பர். நீரில் கரையும் சாயம் இருந்தால் நிறம் கோடு கோடாக இறங்கும். செங்கல் தூள் இருந்தால் அடியில் தங்கும். ஆனால் சூடான் சாயம் எண்ணெயில் கரைவது; நீரில் கரையாது. எனவே இச்சோதனையில் அது தப்பிவிடும். முழு மிளகாயை வாங்கினாலோ, காம்பையும் தோலையும் பூஞ்சையையும் நம் கண்ணாலேயே பார்த்துக் கழிக்கலாம்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரத்தைக் கண்டார்கள். மழையில் நனைந்தது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). அதற்காக, கடையில் விற்பதெல்லாம் கெட்டது என்று தீர்ப்பளிப்பதும் தவறு. நேர்மையான மசாலா வணிகர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றைத் தடுக்கப்பட்டவையாக ஆக்கிக்கொள்வதை 5:87 வசனம் கண்டிக்கின்றது.

வீட்டில் செய்வதாலேயே ஒரு பொருள் தூயதாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமது ஆலங்குடி வட்டாரம் நிலக்கடலை விளையும் மண். கடலையைச் செக்கில் கொடுத்து ஆட்டிக்கொள்வது நல்ல வழக்கம். ஆனால் பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகும். கல்லீரலைப் பாதிக்கும் அது, ஆட்டிய எண்ணெயிலும் இறங்கும். சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி நீக்கிய பின்னரே ஆட்ட வேண்டும். மிளகாயையும் ஒடித்தால் நொறுங்கும் அளவுக்குக் காயவிட வேண்டும். மில்லில் அரைத்த தூளைச் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் பரப்பி ஆறவிட வேண்டும். இஞ்சி பூண்டு விழுதை உப்பும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் குளிர்பெட்டியிலேயே வைக்க வேண்டும்; கொஞ்சமாக அரைத்துக்கொள்வதே நலம்.

ரமளானுக்கு இது இன்னும் பொருந்தும். நோன்புக் கஞ்சி ஒரு வீட்டின் உணவன்று. பள்ளிவாசலின் ஒரே தேக்சாவிலிருந்து நோன்பாளிகளும், பிற சமயச் சகோதரர்களின் பிள்ளைகளும் வாங்கிச் செல்கின்றனர். அதில் இடும் மஞ்சளும் பட்டையும் விழுதும் ஜமாஅத்தின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்கின்றது. தையிலும் மார்கழியிலும் அது வரும் காலத்தில் கடைசி நேரத்தில் காயவைக்க வெயில் இராது. ஆகவே சித்திரை வெயிலிலேயே மல்லியையும் மிளகாயையும் மஞ்சளையும் முழுதாகக் காயவைத்துச் சேமித்து, தேவைப்படும்போது மட்டும் அரைத்துக்கொள்வது அறிவுடைமை. முழுப்பொருளில் மணமும் நிறமும் தூளைவிட நெடுநாள் நிற்கும்.

இறுதியாக ஒன்று. ‘எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும்’ என்று ஆண்கள் சொல்லிவிட்டுப் போவது எளிது. திரிகை சுற்றிக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள் ஒரு பணியாளரைக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள், படுக்கைக்குச் செல்லும் முன் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதக் கற்பித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). இந்த நிகழ்வைக் கூறிப் பெண்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வோர் உண்டு. நபியவர்கள் தம் இல்லத்தில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததும் அதே புகாரீயில்தான் உள்ளது. முதலாவதை மனைவிக்கு எடுத்துரைப்பவர் இரண்டாவதைத் தமக்கு ஓதிக்கொள்ளட்டும். மிளகாய்க் காம்பு கிள்ளுவதும், மாடியில் காயவைப்பதும், மில்லில் வரிசையில் நிற்பதும் ஆண்கள் செய்யத்தக்க வேலைகளே, சுன்னத்தான வேலைகளும்கூட. ஒருவரின் முதுகை ஒடித்துச் சமைத்த உணவில் தூய்மை இருக்கலாம். பரக்கத்தை எங்ஙனம் எதிர்பார்ப்பது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இவ்வாண்டு மிளகாய்த் தூள் ஒன்றையேனும் இல்லத்தார் கூடிச் செய்து தொடங்குவோம். ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்டு, நன்றி செலுத்தும் அடியார்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.