முதலுதவிப் பெட்டியைத் தேர்ந்தெடுப்போம்



நவம்பர் முதல் மார்ச் வரை நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2014 டிசம்பரில் கிளந்தானை வெள்ளம் சூழ்ந்தபோது பல பள்ளிகளே துயர்துடைப்பு மையங்களாயின. ஆயினும், சாரணர் முகாமுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது முதலுதவிப் பொருள்களைச் சாதாரணத் துணிப்பையிலேயே எடுத்துச் செல்கிறோம். உறை நனைந்துவிட்டால் காயத்துணி தன் தூய்மையை இழந்துவிடும். அதனைப் புண்ணின்மேல் கட்டுவது கிருமிகளையும் சேர்த்துக் கட்டுவதாகும்.

கடையில் 'நீர் புகாதது' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டா. 'ஐபி' எண்ணைக் கவனியுங்கள். அதன் இரண்டாம் இலக்கமே நீரைக் குறிப்பது. 4 எனில் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 எனில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் கேடு தரும் அளவுக்கு நீர் புகாது. மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்க வேண்டும். அதில் மணலோ தலைமுடியோ சிக்கினாலும் நீர் கசியும். வாங்கிய பெட்டியினுள் உலர்ந்த தாளை வைத்து, வாளி நீரில் அமிழ்த்திச் சோதிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இறுக்கமான கொக்கிகளைத் திறப்பது பெரியவர்களுக்கே கடினம். முகாமில் ஆசிரியரே காயமுற்றால், பெட்டியைத் திறக்க வேண்டியவர் நான்காம் ஆண்டு மாணவராகவும் இருக்கலாம். ஆகவே, பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு மாணவரை ஈரக்கையால் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவரால் திறக்க இயலாத பெட்டி, எவ்வளவு உறுதியானதாயினும், பள்ளிக்கு உரியதன்று.