சாமைக் கொல்லையில் இரண்டு இரவுகள்

"கூடாரமா? குழந்தைகளை வெச்சுக்கிட்டு வெட்டவெளியில போய்ப் படுக்கிறதா?" என்றுதான் நானும் முதலில் கேட்டேன். லாட்ஜ், டி.வி., குழாய்த் தண்ணீர் எதுவும் இல்லாத இடத்தில் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று என் கணவர் சொன்னபோது, எனக்குப் பாம்பைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நம்மில் எல்லோருக்கும் வருகிற கேள்விதான்: கக்கூஸ் எங்கே?

நாங்கள் போனது ஜவ்வாது மலைக்கு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர் வருகிறது. வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1986-ல் திறந்து வைத்த பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி மட்டும் 2.34 மீட்டர் அகலம். அதையும் தாண்டி ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இவரோடு வேலை பார்ப்பவரின் உறவுக்காரர்களுக்கு அங்கே நிலம் உண்டு. வனத்துறை இடத்தில் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது என்பதால், அவர்களைக் கேட்டுக்கொண்டு சாமை அறுத்து முடிந்த கொல்லையின் ஓரத்தில் கூடாரம் போட்டோம். ஜனவரி மாதம். பகலில் இதமான வெயில். ராத்திரி கம்பளி இல்லாமல் முடியாது.

முதல் வேலையாகக் 'குளியலறை' கட்டினேன். நான்கு கம்பு நட்டு, பழைய வாயில் புடவை இரண்டைச் சுற்றினேன். மற்றதற்குக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் குறைந்தது இருநூறு அடி தள்ளி மறைவாக இன்னொரு இடம். களைக்கொத்தால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. போய் வந்ததும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். பக்கத்தில் ஒரு டப்பாவில் அடுப்புச் சாம்பல், கை கழுவச் சோப்பு. அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

தண்ணீர்தான் பாடம் சொல்லிக் கொடுத்தது. கிணற்றிலிருந்து சேந்தி, இடுப்பில் தூக்கி வர வேண்டும். ஆளுக்கு ஒரு குடம் என்று கணக்கு. வீட்டு ஞாபகத்தில் அலம்பிக் கொட்டி, முதல் நாள் மத்தியானத்துக்குள் நாலு குடமும் காலி! மறுநாள் சாமை களைந்த தண்ணீரில் காய் கழுவினேன். பாத்திரத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, ஒரே அலசல். மூன்று கல் அடுப்பில், ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் வைத்து வடித்த மாதிரி உதிரியாகச் சோறு. குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற வைத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் என் பெண் மெதுவாகக் கூப்பிட்டாள். "அம்மா, கொஞ்சம் இங்க வாயேன்." பதிமூன்று வயது. நாள் கணக்கு இன்னும் சரிப்படவில்லை. பத்து நாள் முன்னாடியே வந்துவிட்டது.

எனக்குச் சட்டென்று என் ஒன்பதாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் அழைத்துப் போன அன்று காலையில் எனக்கும் இப்படித்தான். "வெளியிடத்துல என்னடி பண்ணுவே?" என்று அம்மா நிறுத்திவிட்டாள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அங்கே வசதி இருக்குமா என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஆனால் மற்ற பெண்கள் வாங்கி வந்த சங்கு மாலைகளைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் மறக்கவில்லை.

இருந்தும் என் வாயிலும் அதேதான் வந்தது. "கிளம்பிடலாமா கண்ணு?"

நிலத்துக்கார அம்மா காதில் இது விழுந்துவிட்டது. "இதுக்குப் போயி எதுக்கும்மா கெளம்பறீங்க? எங்க பொண்ணுங்க எல்லாம் இங்கதானே இருக்குதுங்க? வெந்நி வெச்சித் தரேன், பாப்பா குளிக்கட்டும்."

இருந்தோம். ஜாக்கிரதைக்காக ஒரு பாக்கெட் நாப்கினும், பழைய வேட்டியில் தைத்த பருத்தித் துணிகளும் கொண்டுபோயிருந்தேன். ராத்திரிக்கு நாப்கின். அதில் பிளாஸ்டிக் இருப்பதால் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. செய்தித்தாளில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து, குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்தோம். பகலில் துணி. பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்டு, வாளித் தண்ணீரைக் கிணற்றுக்குத் தூரமாக மண்ணில் ஊற்றினோம். துணியை நல்ல வெயிலில், வேலி மேலேயே காயப் போட்டோம். நம் வீடுகளில் இன்னொரு துணிக்கு அடியில் மறைத்து உலர்த்துகிறோமே, அந்த ஈரம்தான் அரிப்புக்கும் புண்ணுக்கும் வழி. எந்தத் துணியானாலும் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றிவிட வேண்டும்.

அன்று ராத்திரி அடுப்பில் தண்ணீர் தெளித்து, மண் போட்டு அணைத்ததும் கண்ணைக் கட்டும் இருட்டு. கொஞ்ச நேரத்தில் வானம் பூரா நட்சத்திரம். காவலூரில் ஏன் வானாய்வகம் வைத்தார்கள் என்று அப்போது புரிந்தது. பெண் என் மடியில் தலை வைத்து, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணினாள். "ஆறு இருக்கும்மா!" அவள் தம்பி ஏழு என்று சண்டை பிடித்தான். வயிற்று வலிக்கு அந்த அம்மா கொடுத்த சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

காலையில் கூடாரத்தைச் சுருட்டி, அடுப்புக் கற்களைக் கிடந்த இடத்திலேயே போட்டோம். குழிகளை மூடிய மண்ணை இன்னொரு தரம் மிதித்துவிட்டேன். நாங்கள் கொண்டுபோன குப்பை எல்லாம் எங்களோடு இறங்கியது.

சகோதரிகளே, பெரிய செலவில்லாத பிரயாணம் இது. தெரிந்தவர் நிலம், இரண்டு பழைய புடவை, ஒரு களைக்கொத்து, ஒரு டார்ச் விளக்கு போதும். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். 'அந்த நாள்' கணக்குப் பார்த்து மட்டும் பெண் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்த ஜனவரிக்கு என் பெண் இப்போதே நாள் குறித்துவிட்டாள்.