பூசணி வம்பு

நேப்பர்வில், இல்லினாய்

என் அருமை வாயாடிக்கு,

முதலில் எதிர்வீட்டு வம்பைக் கேள்.

அந்த அம்மாள் இந்த வருஷம் வாசலை அலங்கரிக்க ஆள் வைத்துவிட்டாள். ஆமாம்டி, கூலிக்கு! வேனிலிருந்து இறங்கியதெல்லாம் பூசணி. ஆரஞ்சு, வெள்ளை, சாம்பல் பூத்த நீலம், உடம்பெல்லாம் மரு முளைத்தது என்று படிக்குப் படி அடுக்கிவிட்டுப் போனார்கள். அவள் வீட்டுக்காரர் சொந்த வாசலில் கால் வைக்க இடமில்லாமல் கராஜ் வழியாகப் போய்வருகிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "வீடா, கோயம்பேடா?" என்கிறார். பிறகு கேட்டார் பார், "இத்தனையும் எப்போ சமைப்பா?"

எங்கே சமைக்கப் போகிறாள்! அக்டோபர் 31 ஹாலோவீன் முடிந்ததும் அத்தனையும் குப்பை வண்டியில் ஏறும். அவளை மட்டும் சொல்லி என்ன, தெருவே அப்படித்தான். இத்தனைக்கும் அமெரிக்காவிலேயே பூசணி அதிகம் விளைவது எங்கள் இல்லினாயில். டப்பாவில் அடைத்து விற்கிற பூசணியில் பெரும்பங்கு மார்ட்டன் என்ற சின்ன ஊரிலிருந்து போகிறது. விளைகிற இடத்திலேயே இந்த லட்சணம்! இந்த நாட்டுக் குப்பைமேடுகளில் புதைபடுவதில் உணவுக்குத்தான் முதலிடம். 2018 கணக்குப்படி 24 சதவீதம் என்கிறது அரசின் சுற்றுச்சூழல் முகமை. காற்றுப் புகாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் கிளம்பும். பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

அதற்காக நீ உன் புது வீட்டு வாசலை வெறிச்சென்று விட்டுவிடாதே. நானும் வைத்திருக்கிறேன். வாங்கும்போதே குழம்பை நினைத்து வாங்கு, அவ்வளவுதான். முகம் செதுக்கவென்று விற்கும் 'ஹௌடன்' ரகத்துக்கு மேனியழகுதான் உண்டு. உள்ளே நாரும் தண்ணீரும். சின்னதாக உருண்டிருக்கும் 'சுகர் பம்ப்கின்', நீலச் சாம்பல் நிற 'ஜாரடேல்', தட்டையான 'லாங் ஐலண்ட் சீஸ்' மூன்றும் வாசலுக்கும் அழகு, வாய்க்கும் ருசி. கடைசியாகச் சொன்னது நம்மூர்ப் பறங்கியின் சொந்த இனம். பூசணிப் பண்ணையில் மாமியார் ஒவ்வொன்றாகத் தட்டி, காம்பைத் திருகிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். விற்கிற பையன் அசந்து போனான்.

வெட்டாமல், பெயிண்ட் பூசாமல், காம்போடு ஈரமில்லாத நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாசம் தாங்கும். உறைபனி விழுவதற்குள் உள்ளே எடுத்துவிடு. அப்புறம் பால்கூட்டு, புளிக்குழம்பு, அல்வா என்று உன் இஷ்டம். தோலில் துவையல் அரை, விதையை உப்புப் போட்டு வறு. ஆனால் கூடையில் குட்டி குட்டியாகக் குவித்திருக்கும் அலங்காரச் சுரைகளை அடுப்படிப் பக்கமே விடாதே. அந்தக் கசப்பு வாந்தி பேதியில் கொண்டுவிடும்.

எதிர்வீட்டுக்காரியிடம் நேரே போய்க் கேட்டுவிட்டேன், ஹாலோவீன் முடிந்ததும் நீலப் பூசணிகளை எனக்குத் தருவாயா என்று. "தாராளமாக! எதற்கு?" என்றாள். "சாப்பிட" என்றேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

இன்னொரு ரகசியம். மூலைவீட்டில் நம்மூர்த் தம்பதி இருக்கிறார்களே (பேர் வேண்டாம்), யூடியூபைப் பார்த்து முகம் செதுக்கினார்கள். மூக்கை முக்கோணமாக வெட்டச் சொன்னாளாம் அவள். வட்டமாக வெட்டிவிட்டாராம் அவர். ராத்திரி முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை! அழுகாமலிருக்க பிளீச் வேறு தெளித்திருக்கிறாள். "அணில் வந்து கடிக்குமேடி" என்றேன். அதுவரை தோன்றவில்லையாம்.

செதுக்கி வெளியே வைத்ததை நாம் தின்ன முடியாது, மண்ணுக்குக் கொடுக்கலாம். ஹாலோவீனுக்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் டுபேஜ் கவுண்டியில் 'பம்ப்கின் ஸ்மாஷ்' நடக்கும். ஸ்கேர்ஸ் என்ற அமைப்பு 2014-இல் ஆரம்பித்தது. மெழுகுவர்த்தி, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கொண்டுபோனால் பிள்ளைகள் ஆசை தீர வீசி உடைக்கலாம். உடைந்தது முழுக்க உரக்கிடங்குக்குப் போகும். பூசணியில் 90 சதவீதம் தண்ணீர்தானே, அதுவும் மண்ணுக்கே சேரும். விவரம் சொன்னதும் மாமியார், "நம்மூர்லயும்தான் ஆயுத பூஜைக்கு உடைக்கிறோம், நடுரோட்டுல! பைக்ல வர்றவன் வழுக்கி விழறதுதான் மிச்சம்" என்றார். போர்ட்லாந்தில் ஒரிகன் மிருகக்காட்சிச்சாலை யானைகள் 1999-இலிருந்து ராட்சசப் பூசணிகளை மிதித்து நொறுக்கித் தின்கின்றன என்று சொன்னேனோ இல்லையோ, டிக்கெட் போடச் சொல்லி அவர் மகனை அரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நியூஜெர்சியில் உனக்குப் பக்கத்திலும் இப்படி உரத்துக்கு வாங்கிக்கொள்ளும் இடம் இருக்கும். டவுன்ஷிப் ஆபீஸில் கேட்டுப் பார். கடையில் நிற்கும்போது போட்டோ அனுப்பு, மாமியார் பார்த்துச் சொல்லுவார். உன் ஓரகத்தி நகைக்கடைக்குத் தனியாகப் போன கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாய். மறுகடிதத்தில் அது முழுசாக வரவில்லையென்றால் இந்தப் பக்கத்து வம்பு எதுவும் உனக்குக் கிடைக்காது, சொல்லிவிட்டேன்!

என்றும் உன்,
வம்புக்காரி