மூச்சிழந்த மோட்டார் வண்டி

உடலுக்கு நோய் வரின் மருத்துவரைத் தேடுகின்றோம். வண்டிக்கு நோய் வரின் பணப்பையைத் தேடுகின்றோம். எதனை மாற்றுவது, எத்தனை ரூபாய் ஆகும் என்பதே நம் நாவில் முதற்கண் எழும் வினா. எது கெட்டது, எதனாற் கெட்டது என்னும் வினாக்கள் பின்னரே எழும். எழாமலே போதலும் உண்டு. இவ்வழக்கத்தால் விளையும் இழப்பையும், அதனினின்று தப்பும் வழியையும் பட்டினச்சேரியில் நாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சி கொண்டு நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை அடுத்துக் கடலோரத்தே அமைந்த மீனவர் ஊர் பட்டினச்சேரி. ஆங்கு நம் உறவினர் ஒருவர் விசைப்படகு ஒன்றிற் பங்குடையவர். அவர் மைந்தன், பிறர் வைத்திருந்த டீசல் கார் ஒன்றை வாங்கி, மீன் வியாபாரத்தின் பொருட்டு நாகப்பட்டினத்திற்கும் காரைக்காலுக்கும் ஓட்டி வந்தான். முன்னர் அதனை உடையவர் வேகத்தில் பெருவிருப்புடையார் போலும். புகைக்குழாயைப் பெரிதாக்கிச் சிலிக்கோன் குழாய்களைப் பூட்டி, இயந்திரத்தை ஆளும் கணினியின் கணக்கையும் திருத்தி, டர்போவின் அழுத்தத்தை மிகுவித்திருந்தார். சில திங்கள் புரவி போற் பாய்ந்த அவ்வண்டி, திடீரென ஒருநாள் தன் ஆற்றலை இழந்தது. பாலம் ஏறுகையில் மூச்சுத் திணறும், கரும்புகை கக்கும்.

பணிமனை ஒன்றில் அதனைக் காட்டியபோது, டர்போ போய்விட்டது, புதிது பூட்டுதல் வேண்டும் என்றனர். அவர்கள் கேட்ட தொகையோ, படகைக் கரையேற்றிச் செப்பனிடவும் வலை வாங்கவும் ஒதுக்கி வைத்த பணம் முழுவதையும் விழுங்க வல்லது. கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடல்மேற் செல்லலாகாது. அக்காலத்தே படகைப் பழுதுபாராதவர்க்கு ஆண்டு முழுதும் அல்லலே. தந்தையார் வாய்திறவாது திண்ணையில் அமர்ந்திருந்தார். மைந்தன் அவர் முகத்தை நோக்கவும் அஞ்சினான்.

அவ்வமயம், படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் ஆங்கு வந்தார். விஷயத்தைக் கேட்டவர், "அண்ணே, நாளை மாலை வரை பணத்தை எடுக்க வேண்டாம்" என்றார்.

டர்போ என்பது யாது? இயந்திரம் வெளிவிடும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழல, அதே அச்சிற் பொருந்திய மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்துட் செலுத்தும். காற்று மிகின் எரிபொருளும் மிகுதியாய் எரியும், ஆற்றலும் பெருகும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1920-களில் ஜெர்மானியப் பயணிக் கப்பல்கள் இரண்டில் இதனைப் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் 2,500 ஆக உயர்ந்தது. கார்களினும் முன்னரே கப்பலிற் பழகிய பொருளாதலின், படகு மெக்கானிக் இதனைக் கண்டு மருளாமை வியப்பன்று.

மறுநாள் அவர் திருப்புளியை உடனே எடுத்தாரல்லர். "தம்பி, படிப்படியாகக் குறைந்ததா, ஒரே நாளிலா?" என்று வினவினார். ஒரே நாளில் என்றான் மைந்தன். பின்னர்க் கணினியிற் பதிந்த பிழைக்குறியைப் படிக்கச் செய்தார். பி0299 என்று வந்தது. டர்போ தரவேண்டிய அழுத்தம் குறைந்துள்ளது என்பது அதன் பொருள். "இது நோயின் பெயரன்று, காய்ச்சல் உண்டு என்னும் செய்தி மட்டுமே" என்றார் அவர்.

அடுத்து, இயந்திரத்தை ஓட்டாமலே அழுத்தமானியின் அளவை நோக்கினார். கடன்மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1,013 மில்லிபார். மானியும் அதனையொட்டியே காட்டிற்று. ஆகவே சான்று கூறுவது பொய்யன்று என்று துணிந்தார். பின்னர்ச் சாலையில் ஓட்டிப் பார்க்க, கணினி வேண்டியது 2,400, கிடைத்தது 1,600. காற்றுக்குழாயைக் கழற்றி டர்போவின் சக்கரத்தை விரலாற் சுழற்றினார். அது சுவரில் உரசாது எளிதிற் சுழன்றது. அச்சு முன்னும் பின்னும் ஆடவில்லை. இறந்ததாகக் கூறப்பட்ட டர்போ உயிரோடிருந்தது.

இறுதியாகக் குழாய்த்தொடரின் வாயை அடைத்து, சிறிதளவு அழுத்தத்துடன் காற்றைச் செலுத்திப் பொருத்துக்கள்தோறும் சவர்க்கார நீரைத் தடவினார். காற்றுக் குளிர்விப்பானின் கீழ்ப்புறத்தே குமிழிகள் கொப்பளித்தன. கழற்றி நோக்க, உப்புக்காற்றில் துருவேறித் தளர்ந்த இரும்புக் கிளிப்பும், அதன் அடியில் விரலளவு கிழிந்த குழாயும் கண்டோம். அமைதியாய் ஓடுங்கால் மூடிக்கிடக்கும் அக்கிழிசல், அழுத்தம் ஏறியதும் வாய் திறக்கும். உள்ளே வந்ததாகக் கணினி அளந்த காற்று வழியிலேயே நழுவிப்போக, அக்கணக்கின்படி ஊற்றிய டீசல் முற்றும் எரியாது கரும்புகையாயிற்று.

புதுக் குழாய்க்கும் துருவேறாக் கிளிப்புகளுக்கும் ஆன செலவு, டர்போவிற்குக் கேட்ட தொகையில் நூற்றில் இரண்டு பங்கும் இல்லை. ஆயினும் முதியவர் அவ்வளவில் அமையவில்லை. "கசியும் காற்றை ஈடுசெய்ய டர்போ அளவுமீறிச் சுழலும். புதிது பூட்டியிருந்தாலும் இக்கிழிசல் அதனையும் கொன்றிருக்கும். அழுத்தத்தை உயர்த்தியவர், அதனைத் தாங்கும் பொருத்துக்களை எண்ணவில்லை. பழைய கணக்கையே திரும்பப் போடு, தம்பி" என்றார். சட்டமும் அதனையே வேண்டுகின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. மைந்தன் அவ்வாறே செய்தான். ஒதுக்கிய பணம் படகிற்கும் வலைக்குமே சென்றது.

மாணவத் தோழர்களே, திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவர்க்கு வகுத்த நெறியும் இஃதே: பிணியை அறிந்து, அதன் காரணத்தைத் தேர்ந்து, அதன்பின் தீர்வை நாடல். பொறிக்கும் அது பொருந்தும். பள்ளியிற் பயிலாத ஒருவர், ஒவ்வொரு ஐயத்தையும் ஒவ்வொரு சோதனையால் விலக்கி உண்மையை அணுகியதைக் கண்டோம். நம் ஆய்வுக்கூடங்களில் நாம் பயில்வதும் அம்முறையே. வாழ்வில் ஏதேனும் ஒன்று வலியிழந்து நிற்கும்போது, விலையுயர்ந்த உறுப்பின்மேற் பழி சுமத்துமுன், காற்று எங்கே கசிகின்றது என்று பொறுமையுடன் தேடுவோமாக.