வண்டிய வித்தாச்சு, பேரு மாறிடுச்சா?

பழைய கார் வாங்கப் போறவங்க கேக்கற கேள்விகளை வரிசையா எழுதினா ஒரு பக்கம் தாண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது, சிங்கிள் ஓனரா, டயர் மாத்தி எவ்ளோ நாளாச்சு, ஏ.சி. கூலிங் எப்படி... இப்படிப் போகும். விக்கறவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். "கடைசியா என்ன குடுப்பீங்க?" பணம் கைமாறும், சாவி கைமாறும், ரெண்டு பேரும் ஒரு டீ குடிச்சுட்டுப் பிரிஞ்சுடுவாங்க.

இதுல ரெண்டு பக்கமும் கேக்காம விடற கேள்வி ஒண்ணு இருக்கு. ஆர்.சி. புக்ல பேரு எப்போ மாறும்? அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. மைலேஜ், பிக்கப் பத்தியெல்லாம் எழுத ஊருக்கு நூறு பேர் இருக்காங்க, அதனால அதை விட்டுடறேன் :-)

எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருக்கார். தெருவுல எல்லாருக்கும் அவர் 'சார்'தான். மாருதி 800 வச்சிருந்தார். வாரத்துல ஒரு நாள் சமயபுரம், மாசத்துல ஒரு நாள் மக வீடு, அவ்வளவுதான் ஓட்டம். கண்ணுல கண்புரை வந்த பிறகு ஓட்ட வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டாங்க. 2016-ல திருச்சியிலயே ஒரு கன்சல்டிங்ல 55,000 ரூபாய்க்குக் குடுத்துட்டார். "சார், நீங்க இந்த ஃபாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னாங்க. ஃபாரம் 29, ஃபாரம் 30. எல்லாக் கட்டமும் வெறுமையா இருந்துச்சு, அடியில மட்டும் சாரோட அழகான கையெழுத்து.

2019-ல போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து கடிதாசி வந்துச்சு. அந்த வண்டி திண்டுக்கல் பக்கம் ஒரு பைக்ல மோதியிருக்கு, பைக் ஓட்டினவருக்குக் கால் எலும்பு முறிஞ்சிருக்கு. வண்டியை அன்னைக்கு ஓட்டினது யாருன்னு நீங்க சொல்லணும்னு கேட்டிருந்தாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 133-ஆம் பிரிவுப்படி வண்டி ஓனர்கிட்ட அப்படிக் கேக்கலாம். சாருக்கு எப்படித் தெரியும்? கன்சல்டிங் இருந்த இடத்துக்குப் போய்ப் பாத்தா அங்க செல்போன் கடை இருக்கு. கொஞ்ச நாள்ல விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல இருந்து சம்மன். எதிர்மனுதாரர் பட்டியல்ல முதல் பேரு சாரோடது.

வண்டி நடுவுல மூணு கை மாறியிருந்தது. ஒருத்தரும் பேரு மாத்தல. இன்சூரன்ஸும் கட்டல. திண்டுக்கல் கோர்ட்டுக்கு ரெண்டு வாய்தாவுக்கு நானும் சார் கூடப் போனேன். எழுபது வயசு தாண்டினவர் பெஞ்சு ஓரத்துல ஃபைலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். எதிர்ப்பக்கம் அந்தப் பைக்காரர், ஊன்றுகோலோட. அவர் மேலயும் நமக்குக் கோபம் வரல. அவருக்குக் கால் போச்சு, யார்கிட்டயாவது கேட்டுத்தானே ஆகணும்? கடைசியில லோக் அதாலத்துல சமாதானம் ஆச்சு. வண்டி கடைசியா யார் கையில இருந்துச்சோ அவர் பாதி, சார் பாதி. சாரோட பங்கு ஒன்றரை லட்சம். வித்து வந்தது 55,000.

"நான் அந்த வண்டியைக் கண்ணால பாத்தே மூணு வருஷம் ஆச்சேப்பா"ன்னு வர்ற வழியில பஸ்ல சொன்னார். நியாயம்தான். ஆனா சட்டம் பாக்கறது வேற.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30)-ல 'உரிமையாளர்' யாருன்னு எழுதியிருக்கு. யார் பேர்ல வண்டி பதிவாகியிருக்கோ அவர்தான். (மைனர் பேர்ல இருந்தாலோ, கடன்ல இருந்தாலோ கொஞ்சம் மாறும்.) பணம் வாங்கிட்டோம், சாவி குடுத்துட்டோம்ங்கறதெல்லாம் நமக்கும் வாங்கினவருக்கும் நடுவுல உள்ள கணக்கு. அடிபட்டவருக்கு அது தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு அவசியமும் இல்ல. 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்குல தீர்ப்பு சொல்லிச்சு. 2007-ல வித்த கார், பல கை மாறி 2009-ல விபத்து, இன்சூரன்ஸ் இல்ல. நடுவுல வாங்கினவங்க யாருமே பேரு மாத்தல. நஷ்டஈடு குடுக்க வேண்டியது ஆர்.சி.யில பேரு உள்ளவர்தான்னு மூணு நீதிபதிகள் சொல்லிட்டாங்க. அடிபட்டவரை ஒவ்வொரு ஓனரா தேடி ஓட வைக்க முடியாதுங்கறதுதான் அதோட சாரம். யோசிச்சுப் பாத்தா அதுவும் சரியாத்தான் படுது.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோட இருந்தா விக்கறவர் பெரும்பாலும் தப்பிச்சுடுவார். ஏன்னா பிரிவு 157-படி வண்டி கை மாறும்போது மூணாம் நபர் காப்பீடும் கூடவே போயிடும், நஷ்டஈட்டைக் கம்பெனி குடுத்துடும். ஆனா 50,000, 60,000-க்கு வண்டி வாங்கறவர்ல எத்தனை பேர் அடுத்த வருஷம் பிரீமியம் கட்டுவாங்க? நம்ம பாலிசி முடியற தேதியில இருந்து நம்ம பேரு காவல் இல்லாம ரோட்ல ஓடிக்கிட்டிருக்கும்.

சரி, விக்கறவங்க என்ன செய்யணும்? நான் தெரிஞ்சவங்களுக்கு வழக்கமா சொல்றதை எழுதறேன்.

1. வெத்து ஃபாரத்துல கையெழுத்துப் போடாதீங்க. ஃபாரம் 29-ங்கறது "நான் இன்னாருக்கு வித்துட்டேன்"னு நீங்க ஆர்.டி.ஓ.வுக்குத் தர்ற தகவல். வாங்கறவர் பேரு, விலாசம், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், தேதி எல்லாம் நிரப்பி ரெண்டு காப்பி. ஃபாரம் 30 வாங்கறவர் தர்ற விண்ணப்பம். ஒரே மாநிலத்துக்குள்ளன்னா நீங்க தகவல் தர 14 நாள், வாங்கறவர் விண்ணப்பிக்க 30 நாள். இது பிரிவு 50. வேற மாநிலத்துக்குப் போகுதுன்னா ஃபாரம் 28-ல தடையின்மைச் சான்று வாங்கணும்.

2. டெலிவரி நோட் எழுதுங்க. வெள்ளைப் பேப்பர் போதும். தேதி மட்டுமில்ல, மணியும் எழுதணும். "இன்று மாலை 5.40-க்கு வண்டியைப் பெற்றுக்கொண்டேன், இதற்குப் பிறகு நான் பொறுப்பு" அப்படின்னு வாங்கினவர் கையெழுத்து, அடையாள அட்டை நகல், மீட்டர்ல உள்ள கிலோமீட்டர். நீங்க வித்த அன்னைக்கு ராத்திரியே ஏதாவது ஆகலாம், யார் கண்டா? இந்தப் பேப்பர் இருந்தாலும் நஷ்டஈட்டுப் பொறுப்பு போகாது. ஆனா பின்னாடி வாங்கினவர்கிட்ட அந்தப் பணத்தைக் கேக்கவும், போலீஸுக்குப் பதில் சொல்லவும் இதுதான் கையில இருக்கற ஆயுதம்.

3. ஒரு தொகையைப் பிடிச்சு வைங்க. விலை பேசும்போதே "பேரு மாத்தின ஆர்.சி.யைக் காட்டி இந்த 5,000-த்தைத் திருப்பி வாங்கிக்கோங்க"ன்னு சொல்லி டெபாசிட்டா வாங்கிடுங்க. கசப்பா பாப்பாங்க, பரவாயில்ல. நிஜமா பேரு மாத்தறவருக்கு இதுல நஷ்டம் இல்ல. தகராறு பண்றவர்கிட்ட ஏன் பண்றார்னு யோசிக்கணும்.

4. கன்சல்டிங்ல குடுக்கறீங்கன்னா, அவங்க அங்கீகரிக்கப்பட்ட டீலரான்னு கேளுங்க. 2023 ஏப்ரல் 1-ல இருந்து புது விதி வந்திருக்கு. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கின டீலர்கிட்ட வண்டியைக் குடுத்து, ஃபாரம் 29C-ல ஆன்லைன்ல தகவல் பதிஞ்சுட்டா, அவர் அதை அடுத்தவருக்கு விக்கற வரைக்கும் அவர்தான் ஓனரா கருதப்படுவார். இடையில வண்டி கடைவாசல்ல நிக்கற நாளும் உங்க தலையில விழாது. சார் வித்த காலத்துல இந்த வசதி இல்ல.

5. ஃபாஸ்டேக்கை மூடுங்க. அது உங்க பேங்க் கணக்கோடயோ வாலட்டோடயோ கட்டியிருக்கு. வித்த வண்டி வாணியம்பாடி டோல்ல போகும்போது உங்க செல்லுக்கு மெசேஜ் வரும் :-)

6. நோ கிளெய்ம் போனஸை விட்டுடாதீங்க. அது வண்டிக்குச் சொந்தமில்ல, உங்களுக்குச் சொந்தம். அஞ்சு வருஷம் கிளெய்ம் எதுவும் பண்ணலன்னா 50 சதவீதம் வரை, சொந்தச் சேதப் பிரீமியத்துல. கம்பெனியில எழுதி வாங்கி வச்சா அடுத்த வண்டிக்குப் பயன்படும்.

7. கடைசியா, பேரு மாறிடுச்சான்னு நீங்களே பாருங்க. எம்பரிவாஹன்ல நம்பரை அடிச்சா போதும். பேரை முழுசா காட்டாது, நடுவுல நட்சத்திரம் போட்டு மறைச்சிருக்கும். ஆனா அது உங்க பேரா இல்லையான்னு தெரிஞ்சுடும். ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை, மாறலன்னா ஒரு போன், அப்புறமும் மாறலன்னா ஆர்.டி.ஓ.வுக்கு ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்.

இதெல்லாம் விக்கறவங்க பாடு, நாம வாங்கறவங்கதானேன்னு நினைக்கறவங்களுக்கு: உங்களுக்குத்தான் இது இன்னும் முக்கியம். மூணாம் நபர் காப்பீடு வண்டியோட தானா வந்துடும்னு சொன்னேன் இல்ல, உங்க வண்டிக்கு ஆகற சேதமும் திருட்டும் அப்படி வராது. உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவா சொல்லிடுச்சு. பாலிசி பழைய ஓனர் பேர்ல இருந்து, வண்டி உங்க வீட்டு வாசல்ல இருந்து திருடு போச்சுன்னா, பாலிசி வச்சிருக்கறவருக்கு வண்டி சொந்தமில்ல, வண்டி சொந்தமா உள்ளவருக்குப் பாலிசி இல்ல. கம்பெனி கையை விரிச்சுடும். வாங்கின 14 நாளுக்குள்ள பாலிசியையும் மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துடணும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேரு மாத்தறதை நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டு, அதுக்குள்ள பழைய ஓனர் காலமாயிட்டார்னு வைங்க. ஃபாரம் 30-ல கையெழுத்துப் போட ஆள் இல்ல. வாரிசுச் சான்று, மத்த பிள்ளைங்க சம்மதம், அவங்க பேருக்கு முதல்ல ஃபாரம் 31-ல மாத்தி, அப்புறம்தான் உங்க பேருக்கு. அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு வார்த்தை இல்லாத வீடுன்னா கேக்கவே வேண்டாம்.

அதனால வாங்கறவங்க, இன்ஜின் சத்தம் கேக்கறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைக் கேளுங்க. விக்கற ஆளும் ஆர்.சி.யில உள்ள ஆளும் ஒருத்தர்தானான்னு பாருங்க. "ஓனர் துபாய்ல இருக்கார், கையெழுத்துப் போட்ட ஃபாரம் இருக்கு"ன்னா, அது சார் போட்டுக் குடுத்த மாதிரி ஒரு ஃபாரமா இருக்கலாம். கடன் இருந்து முடிச்சிருந்தா ஃபாரம் 35 குடுத்து ஆர்.சி.யில இருந்து பேங்க் பேரை எடுத்திருக்காங்களான்னு பாருங்க. சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோட ஒப்பிட்டு, பாக்கி அபராதம் இருக்கான்னு ஈ-சலான் தளத்துல பாருங்க.

அதுக்கப்புறம் வண்டி. இன்ஜின் சூடாகாம இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணுங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும், 2319-ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. மீட்டர்ல 30,000 காட்டுது, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சிருக்குன்னா மீட்டரை நம்பாதீங்க. சென்னை வண்டின்னா சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்க. 2015-லயும் 2023-லயும் டிசம்பர் வெள்ளத்துல முங்கின வண்டிகள் நிறைய. மேல எவ்ளோ துடைச்சாலும் பெல்ட்டோட அடிநுனியில சேத்துக்கோடு நின்னுடும், சீட்டுக்கடியில தண்டவாளம் துரு பிடிச்சிருக்கும்.

விக்கறவரா இருந்தாலும் வாங்கறவரா இருந்தாலும், கூச்சப்படாம ஒரு யோசனை சொல்றேன். ரெண்டு பேரும் சேந்தே விண்ணப்பம் போட்டுடுங்க. இப்ப பரிவாஹன் தளத்துலயே விண்ணப்பிக்கலாம், கட்டணத்தையும் ஆன்லைன்லயே கட்டலாம். ஒரு நாள் லீவு போட்டாலும் நஷ்டமில்ல. "எங்க மேல நம்பிக்கை இல்லையா"ன்னு யாராவது கேட்டா, "உங்க மேல இருக்குங்க, உங்ககிட்ட இருந்து வாங்கப் போறவர் யாருன்னு எனக்குத் தெரியாதே"ன்னு சொல்லுங்க. இதுக்குக் கோவிச்சுக்கிட்டவங்களை நான் இதுவரைக்கும் பாக்கல.

டிஸ்கி: டெலிவரி நோட், ஃபாரம் 29 நகல், புது ஆர்.சி.யோட போட்டோ, மூணையும் ஒரு கவர்ல போட்டு பீரோவுல வைங்க. வண்டி போயிடுச்சேன்னு கிழிச்சுப் போட்டுடாதீங்க.