கிழக்கே தெரிந்த புகைபோக்கிகள்

பம்பாய் ஆண்டாப் ஹில்லில் வளர்ந்த எங்களுக்குக் கிழக்கு என்றால் ட்ராம்பே மின் நிலையத்தின் புகைபோக்கிகள்தான். எண்பதுகளில் மொட்டை மாடியில் நின்றால், வடாலா உப்பளங்களைத் தாண்டி, மாஹுல் பக்கம் அவை உயர்ந்து நிற்கும். இருட்டியதும் உச்சியில் சிவப்பு விளக்குகள். திருநெல்வேலியிலிருந்து வந்த பெரியப்பா, "ஏடே, இங்க கரண்டே போவாதா?" என்று ஆச்சரியப்படுவார். அப்பா பெருமையோடு அந்த விளக்குகளைக் காட்டுவார்.

அதே மாடியில்தான் ஆச்சி கூழ்வத்தல் போடுவாள். பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, விடியுமுன் பிழிந்துவிடுவாள். சாயங்காலம் வேட்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது, ஒவ்வொன்றையும் கண்ணருகே வைத்துப் பார்ப்பாள். ஒட்டியிருக்கும் கரும்பொடியை நகத்தால் சுரண்டுவாள். சுத்திகரிப்பு ஆலை, லாரி, மின் நிலையம் என்று எத்தனையோ புகை கலந்த காற்று. அது எதன் கரி என்று நாங்கள் கேட்டதே இல்லை.

பம்பாய் கரியை மட்டுமே நம்பிப் பிழைத்த ஊர் அல்ல. 1915இல் டாடாவின் கோபோலி நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்க, மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை இங்கே பஞ்சாலைகளை ஓட்டியது. ட்ராம்பே அனல் மின் நிலையம் 1956இல்தான் வந்தது. அதை மூட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரப் போதிய லைன் இல்லை என்றார்கள். 2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் மின்சாரம் நின்றுபோனபோது அந்த வாதம் வலுத்தது. 2023இல் கார்கர்–விக்ரோளி 400 கிலோவோல்ட் லைன் வந்தது. இப்போது டேட்டா சென்டர்களுக்கு மின்சாரம் வேண்டும் என்கிறார்கள். நிலக்கரி எரிந்துகொண்டே இருக்கிறது.

ஆச்சியும் இல்லை, அப்பாவும் இல்லை. வடாலாவில் எழுந்த அடுக்குமாடிகள் எங்கள் கிழக்கை மறைத்துவிட்டன. அந்த மின்சாரத்தின் வெளிச்சத்தில்தான் நான் படித்தேன். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் நகரம் முழுவதும் அனுபவித்த வெளிச்சத்துக்கு மாஹுலும் செம்பூரும் மட்டும் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. அந்த நிலையத்தில் நிலக்கரி எரிப்பதை நிறுத்தும் தேதியை அறிவிக்க வேண்டும். அங்கே ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவர்களின் மாற்று வேலையும் அந்த அறிவிப்பிலேயே இருக்க வேண்டும்.