கலுமெதிரிய எனும் அருமரம்

தேக்கையும் சந்தனத்தையும் கொண்டாடும் நம்மவர்களுள் பலர், இலங்கையின் ஈரவலயக் காடுகளுக்கே உரிய ஓர் அருமரத்தை அறிந்திலர். சிங்களத்தில் அதன் பெயர் கலுமெதிரிய. ஆங்கிலேயத் தளபாட வணிகர்கள் கலமாண்டர் என்றனர். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைமையிலிருந்த த்வைட்ஸ், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கு டயோஸ்பைரஸ் குவேசிட்டா எனப் பெயரிட்டார். 'குவேசிட்டா' என்றால் இலத்தீனில் 'தேடப்பட்டது' என்று பொருள். அக்காலத்திலேயே இது தேடித் திரியவேண்டிய மரமாகியிருந்தது.

கலமாண்டர் என்ற சொல் கலுமெதிரிய என்பதன் மரூஉ என்பார் உளர். சோழமண்டலக் கரையைச் சுட்டும் 'கோரமண்டல்' என்பதன் திரிபு என்பாரும் உளர். எது சரியாயினும், அக்கரையிலிருந்து வந்த நம் மலையகத்தாருக்கும் இம்மரத்துக்கும் இடையே ஓர் உறவு உண்டு.

கலுமெதிரிய, கருங்காலியின் இனத்தது. மரம் முதிர முதிர, தண்டின் உட்பகுதிக் கலங்கள் இறந்து, அவற்றில் கருநிறப் பொருள்கள் நிறைகின்றன. இதையே நாம் வைரம் பாய்தல் என்கிறோம். கருங்காலியின் வைரம் ஒரே கறுப்பு. கலுமெதிரியவிலோ பழுப்பு நிலத்தின்மேல் கருவரிகள், புகை சுருண்டாற்போல் ஓடும். ஒரு பலகையின் கோலம் மறு பலகையில் இராது. கனமும் இறுக்கமும் மிகுந்தமையால் உளியை விரைவில் மழுக்கும். மெருகேற்றிவிட்டாலோ கண்ணாடிபோல் மின்னும்.

ஒல்லாந்தர் காலத்துச் செல்வர் வீடுகளில் பெட்டகங்களும் அலுமாரிகளும் கதிரைகளும் இதனால் ஆயின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் இதற்கு மோகம் எழுந்தது. முழுப்பலகை கட்டுப்படியாகாத இடத்தில், மெல்லிய தகடுகளாக அறுத்து மலிவான மரத்தின்மேல் ஒட்டினர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தம் நூலில், இம்மரம் கிடைத்தற்கரியதாகிவிட்டதை எழுதிவைத்தார். காட்டைக் காக்கவேண்டிய அரசின் உயர் அதிகாரியே இதைப் பதிந்திருப்பது கவனத்துக்குரியது.

பின்னர் வந்தது பெருந்தோட்டம். கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்கும் இறப்பருக்குமாகவும் சப்ரகமுவ மலைச்சாரல்கள் திறக்கப்பட்டபோது, வெட்டி வீழ்த்திய காட்டுக்குத் தீயிடுவதே வழக்கம். எந்த மரம் எரிகிறது என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எஞ்சிய காட்டிலும் கோடரி ஓயவில்லை. சிங்கராஜ வனத்திலேயே 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் அறுத்தார்கள். மக்களின் எதிர்ப்பால் 1977இல் அது நின்றது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமைச் சொத்தாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் இறக்குவானைப் பக்கம் செய்தி சேகரிக்கச் சென்றபோது, முதிய சிங்களத் தச்சர் ஒருவரைச் சந்தித்தேன். பேச்சு மரத்தில் வந்து நின்றது. உள்ளே போய், பாட்டனார் விட்டுச்சென்ற ஒரு சாண் துண்டைக் கொண்டுவந்து வாளித் தண்ணீரில் இட்டார். கல்போல் அடியில் போய்ச் சேர்ந்தது.

"பாஸ், இதில் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் செய்யமாட்டேன் மாத்தயா. பிழைத்துப்போனால் வேறு துண்டுக்கு எங்கே போவது?" என்றார்.

நான் பிறந்தது கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றில். தந்தையார் அங்கே கணக்கப்பிள்ளை. எங்கள் வீட்டு மேசை தேயிலைப் பெட்டிப் பலகையால் ஆனது. வைரம் பாய்ந்த பலகையை நாங்கள் துரை பங்களாவில்தான் கண்டோம். ஆனால் கருங்காலி என்ற சொல் லயத்துச் சிறுவர்க்கும் தெரியும். வேலைநிறுத்தத்தின்போது கொழுந்தெடுக்கவோ பால் வெட்டவோ போனவனுக்கு அதுவே பெயர். இன்று தமிழ்நாட்டில் கருங்காலி மாலைக்கு அலைமோதுவோரைக் காணும்போது அந்தத் தொழிற்சங்கக் கூட்டங்கள் நினைவுக்கு வருகின்றன.

தந்தையார் வீட்டின் பின்புறம் ஒரு பலாக்கன்று வைத்தார். "தம்பி, இது காய்க்கும்போது நாம் இங்கே இருக்கவேண்டுமே" என்பார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம், 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது நேர்ந்த பட்டினியும் வெளியேற்றமும், 1977இலும் 1981இலும் வன்முறை. எங்கள் குடும்பமும் புறப்பட்டது. பலா அங்கேயே நின்றது. அது தோட்டத்துக்குச் சொந்தம்.

வைரம் பாய ஒரு மனித ஆயுள் போதாத மரத்தை யார் நடுவார்? தன் பேரன் அந்த மண்ணில் இருப்பான் என்று நம்புகிறவனே நடுவான். அந்த நம்பிக்கைக்கு ஒரு காணி உறுதி வேண்டும். தோட்டத் தொழிலாளருள் மிகப்பலர் தாம் வாழும் நிலத்துக்கு இன்றும் உறுதி இல்லாதவர்களே. கலுமெதிரிய அருகிவிட்டதென வருந்தும் சூழலியல் நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்லிவருகிறேன்: கன்றுகளை வளர்த்துக் கொடுங்கள், நல்லது, அவற்றை நட ஒரு துண்டு நிலத்தையும் அம்மக்களுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.